துண்டில் எழுதாத சொல்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் என்னிடம் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். முப்பத்தொரு வருடம் தண்ணீர் பரிசோதித்தவள் என்பதால் கேட்டிருப்பீர்கள். பரிசோதிக்கும் முறையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் ஜன்னலோரம் நின்று, சோதனைக் குழாயில் வந்த நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டு, இளஞ்சிவப்பா கடுஞ்சிவப்பா என்று இரண்டு பேர் சண்டை பிடித்துச் சொன்ன அளவை உங்கள் கருவி ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. நல்லதுதான். கருவி யாரையும் ஏசாது. நான் ஏசுவேன் என்று உங்களுக்குக் கட்டாயம் சொல்லியிருப்பார்கள். சொன்னது உண்மை.

நான் எழுதப் போவது ஒரு வீட்டைப் பற்றியும், அங்கே நான் விட்ட பிழையைப் பற்றியும். அந்தப் பிழையை விட்டு ஒன்பது வருடமாகிறது. அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் போன மாதம்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் நான் எத்தனை பெரிய பிழை விட்டிருந்தேன் என்பது எனக்கே தெரிந்தது. ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

அந்த நாட்களில், கிணறுகளுக்குள் கழிவு எண்ணெய் இறங்கிவிட்டது என்ற பயம் எங்கள் வலிகாமப் பகுதி முழுக்கப் பரவியிருந்தது. எங்கிருந்து இறங்கியது, யார் பொறுப்பு என்பது வேறு கதை, அதற்குள் நான் போகவில்லை. எங்களுக்குத் தெரிந்தது ஆய்வுகூட வாசலில் நின்ற வரிசைதான். காலை ஏழு மணிக்கே விறாந்தை நிறைந்துவிடும். சோடாப் போத்தல், பழரசப் போத்தல், தலைக்கு வைக்கும் ஷாம்பூப் போத்தல், எல்லாவற்றிலும் தண்ணீர். ஒரு பெரியவர் நல்லெண்ணெய்ப் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து, "மிஸ், எண்ணெய் மிதக்குது, வடிவாப் பாருங்கோ" என்றார். மிதக்காமல் என்ன செய்யும்! அவரை நான் ஏசிய ஏச்சில் வரிசையில் நின்ற எல்லோரும் தங்கள் போத்தல்களைப் பின்னால் ஒளித்தார்கள். அன்று அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்தோம்.

இப்போது யோசித்தால் சிரிப்பு வரவில்லை. ஏச்சுக்குப் பயந்த சனம் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். கேட்காததை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விடும்.

அந்த வரிசையில்தான் கௌரி நின்றாள். நீர்வேலி ஊர்ப் பிள்ளை. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். கணவன் கட்டாரில் வேலை. கையில் இரண்டு மாதத்துக் குழந்தை. பெயர் ஆதிரை என்று பிறகுதான் எனக்குத் தெரியும். பிரசவத்துக்குப் பிறகு கௌரி கடுங் காய்ச்சலில் கிடந்து பால் வற்றிப் போய், குழந்தைக்குப் பால்மாதான் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இதுவும் எனக்குப் பிறகுதான் தெரியும். கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பாள்.

போத்தலைப் பிழையில்லாமல், நாங்கள் கொடுத்த போத்தலிலேயே கொண்டுவந்திருந்தாள். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். மூன்று நாள் கழித்து முடிவு வாங்க வந்தாள். எண்ணெய் இல்லை. நைத்திரேற்று எல்லைக்குள். கிருமி மட்டும் கொஞ்சம் இருந்தது. மலசலகூடக் குழி கிணற்றுக்குக் கிட்ட இருக்கும் எந்த வீட்டிலும் இருப்பதுதான். 'கொதித்தாறிய நீரையே பருகவும்' என்ற முத்திரையை முடிவு எழுதிய துண்டில் குத்தி நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"மிஸ், ஒண்டு கேக்கலாமோ?"

"கெதியாக் கேளுங்கோ. பின்னாலை சனம் நிக்குது."

"பிள்ளைக்கு இந்தத் தண்ணி வேண்டாமெண்டு அண்ணை சொல்லுறார். தோட்டத்துக் கிணத்திலை அள்ளிக்கொண்டு வந்து தாறனெண்டவர். அது நல்ல ருசித் தண்ணி. எடுக்கலாமோ?"

நான் அடுத்தவரின் துண்டில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஓம், அள்ளுங்கோ. எந்தத் தண்ணியெண்டாலும் நல்லாக் கொதிக்க வையுங்கோ."

"சரி மிஸ். பெரிய உபகாரம்."

இவ்வளவுதான். அரை நிமிடம் கூட இருக்காது.

உங்களில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்த இடத்தில் நெஞ்சு திக்கென்றிருக்க வேண்டும். எனக்கு அன்று இருக்கவில்லை. பயிருக்குப் போடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நமது செம்மண்ணையும், கீழே கிடக்கும் சுண்ணாம்புக் கல்லையும் கடந்து கிணற்றுக்குள் இறங்கும். அதுதான் நைத்திரேற்று. நிறமில்லை, மணமில்லை, நாக்குக்கும் தெரியாது. வளர்ந்தவர்களை உடனே ஒன்றும் செய்யாது. பால்மா குடிக்கும் கைக்குழந்தைக்கு அது நஞ்சு. இரத்தம் மூச்சுக் காற்றைச் சுமக்க முடியாமல் பிள்ளை நீலம் பாரித்துவிடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், இது சாகாது. தண்ணீர் வற்ற வற்ற இதன் அளவு கூடத்தான் செய்யும். தோட்டக் கிணறுகளில் இது எவ்வளவு கிடக்கிறது என்று வருடக்கணக்காகப் பதிவுப் புத்தகத்தில் எழுதியவள் நான். பாடசாலைகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தவளும் நான். ஆனால் அந்த மாதங்களில் எங்கள் எல்லோருடைய மண்டையிலும் எண்ணெய்தான் இருந்தது. எண்ணெய்க்குத் தூர இருக்கும் கிணறு என்றால் பயமில்லாத கிணறு என்று, யோசிக்காமலே, ஒரு நினைப்பு வந்துவிட்டது. 'தோட்டம்' என்ற சொல் காதில் விழுந்தது. உள்ளே இறங்கவில்லை.

மூன்று கிழமை கழித்து ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பகுதியிலிருந்து ஓர் இளம் டொக்டர் பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலில் அவசரம் இருந்தது.

"மிஸ், நீர்வேலியிலை இருந்து ஒரு குழந்தை வந்திருக்கு. உதடு, நகம் எல்லாம் நீலம். இதயத்திலை ஒரு குறையும் தெரியேல்லை. ரத்தம் எடுத்தால் சொக்லேட் நிறமாக் கிடக்கு. தாயிட்டை உங்கடை துண்டு இருக்கு. நைத்திரேற்று சரியெண்டு போட்டிருக்கிறியள். துண்டு சரிதானோ?"

"துண்டு சரி" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, கௌரி வரிசையில் நின்று கேட்டது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. "டொக்டர், நீங்கள் நைத்திரேற்று எண்டே வைச்சு மருந்தைத் தொடங்குங்கோ. அது வேறை கிணத்துத் தண்ணி. நான் போய் எடுத்துப் பாத்துச் சொல்லுறன்" என்றேன்.

போத்தலை எடுத்துக்கொண்டு ஓட்டோவில் நீர்வேலிக்குப் போனேன். கௌரி ஆஸ்பத்திரியில். வீட்டில் தமையன்தான் நின்றார். நகுலன் என்று பெயர். முப்பத்தைந்து வயது, வாழையும் வெங்காயமும் செய்கிறவர். பிள்ளைக்குத் துணி எடுத்துப் போக வந்திருந்தார். நான் யாரென்று சொன்னதும் கும்பிட்டு, கதிரை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. பால் கரைக்கிற தண்ணீரைக் காட்டச் சொன்னேன்.

குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் எத்தனையோ குசினி பார்த்திருக்கிறேன். அவ்வளவு துப்புரவான குசினியைப் பார்த்ததில்லை. தண்ணீர்க் கானின் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. பால் போத்தல்களைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அடுப்பில் ஒரு புதுப் பாத்திரம், பிள்ளையின் தண்ணீருக்கென்றே வாங்கியது.

"நான்தான் விடிய விடியக் கொண்டு வாறனான், மிஸ்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். "எங்கடை தோட்டத்துக் கிணறு. அயலட்டையிலை தேத்தண்ணிக்கு இந்தத் தண்ணிதான் வேணுமெண்டு வந்து அள்ளுவினம். வீடு தங்கச்சிக்குச் சீதனம், தோட்டம் எனக்கு. ஆனா காணி உறுதியிலை கிணத்திலை அவவுக்கும் அரைப் பங்கு கிடக்கு. உன்ரை பங்குத் தண்ணியைத்தானே பிள்ளை கொண்டு வாறன் எண்டு அவவுக்குப் பகிடி விடுறனான்."

காணியைப் பிரித்தாலும் கிணற்றைப் பிரிக்க நம்மவர்களுக்கு ஏலாது, பங்குதான் எழுதுவோம். அப்படி எழுதிய பங்கைத் தமையன் ஒரு நாளும் தவறாமல் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்.

"எவ்வளவு நேரம் கொதிக்க வைக்கிறவ?" என்று கேட்டேன்.

"அரை மணித்தியாலத்துக்குக் குறைய விடமாட்டா. பாதியா வத்தினாத்தான் இறக்குவா. துண்டிலை எழுதிக் கிடந்ததாம்."

பாத்திரத்தில் மிஞ்சிக் கிடந்ததையும் கானில் இருந்ததையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு வந்தேன். அன்று பின்னேரம் ஜன்னலடியில் நின்று பார்த்தபோது கானில் எடுத்த தண்ணீரே எங்கள் நிற அட்டையின் கடைசிப் படியைத் தாண்டி நின்றது. கொதிக்க வைத்ததைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. டொக்டருக்குச் சொன்னேன். "மருந்து போய்க்கொண்டிருக்கு மிஸ்" என்றாள். "ஆனா பிள்ளைக்கு வயித்தோட்டமும் பிடிச்சு நல்லாக் களைச்சுப் போச்சு."

அடுத்த நாள் காலை பத்து மணிபோல் ஆதிரை போய்விட்டாள்.

டொக்டர் பிள்ளை எனக்கு இன்னொன்றும் சொன்னாள். "தண்ணி மட்டும்தான் எண்டு நான் எழுத மாட்டன், மிஸ். வயித்தோட்டமும் சேர்ந்துதான்." நேர்மையான பிள்ளை. அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு நான் கொஞ்ச நாள் தூங்கினேன். அதற்கு மேல் அது என்னைத் தாங்கவில்லை.

என் மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எனக்குத் தொழில் பழக்கியவர். நான் முதல் மாதம் உடைத்த சோதனைக் குழாய்களைத் தன் பெயரில் எழுதிக்கொண்டவர். நல்ல மனிதர் என்று இன்றும் சொல்வேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்.

"துண்டு சரி. துண்டிலை எழுதாததை நீர் சொன்னனீர் எண்டு ஆரும் கேக்கேலாது. வாயாலை சொன்னதை வெளியிலை விட்டுடாதையும். சனம் பிறகு ஒருத்தற்றை சொல்லையும் நம்பாது. எண்ணெய்ப் பிரச்சினையும் கிடக்கு. பேசாமல் இரும்."

அவர் எனக்குப் பழக்கியதில் அது ஒன்றுதான் பிழையானது. எனக்கு மிகவும் வசதியாக இருந்ததும் அது ஒன்றுதான். உடனே தலையாட்டினேன்.

ஆனால் ஒன்றை மட்டும் மறைக்க முடியாது. அந்தத் தோட்டத்தைச் சுற்றி இன்னும் இரண்டு வீட்டில் கைக்குழந்தைகள் இருந்தார்கள். அங்கேயும் தேத்தண்ணிக்கு அதே கிணற்றில்தான் அள்ளினார்கள். பால்மாவுக்கும் எடுத்தார்களோ தெரியாது. துக்க வீடு, நாலு நாளாவது போகட்டும் என்று பார்க்க நேரமில்லை. புதைத்த மறுநாளே போனேன். நகுலன் தோட்டத்தில், வாழைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றார். வேலையை விட்டால் நினைவு வரும் என்று பிறகு சொன்னார். பம்பு சத்தத்தில் நான் சொன்னது கேட்கவில்லை. அதை நிறுத்திவிட்டு வந்து நின்றார். கிணற்றைப் பற்றிச் சொன்னேன். யூரியாப் பசளையைப் பற்றிச் சொன்னேன். கொதிக்க வைப்பதால் கூடும் என்பதையும் சொன்னேன். ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன், என் பங்கைத் தவிர.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப நான் கொண்டு வந்த தண்ணியோ?"

"ஓம் தம்பி."

அவர் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தில்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். உம்முடைய தங்கச்சி என்னைக் கேட்டவ, நான்தான் அள்ளச் சொன்னனான் என்று. ஒரே ஒரு வசனம். வாய்வரை வந்தது. மேலதிகாரி சொன்னதும் வந்தது. "உமக்குத் தெரியாதுதானே தம்பி, உம்மிலை பிழையில்லை" என்று சொன்னேன். அவரைத் தேற்றுகிறேன் என்றுதான் அன்று நினைத்தேன். என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு, நான் பார்த்திருக்கவே அந்த இரண்டு வீட்டுக்கும் நடந்தார். வாசல் படலையில் நின்று, "எங்கடை கிணத்திலை பிள்ளையளுக்கு அள்ளாதையுங்கோ. அந்தத் தண்ணியாலைதான் எங்கடை பிள்ளை போனது" என்று தன் வாயாலேயே சொன்னார். நான் சொல்ல வேண்டிய சொல்லை அவர் சொல்ல, நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அந்த வீட்டுப் பெண் ஒருத்தி, தன் பிள்ளையை இறுக்கிக்கொண்டு, அவரைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தப் பார்வை எனக்கு உரியது.

அதற்குப் பிறகு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, நகுலன் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரோடு எங்கள் ஆய்வுகூடத்துக்கு வரத் தொடங்கினார். கிணற்றைச் சுற்றிப் பசளை போடுவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். போத்தலைத் தந்துவிட்டு மற்றவர்கள் போவதுபோல் போகமாட்டார். விறாந்தையில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்வந்தாலும் இருப்பார். முடிவு சொன்ன பிறகும் உடனே எழும்பமாட்டார்.

"வேறை ஏதும் சொல்லக் கிடக்கோ, மிஸ்?" என்று கேட்பார்.

"இல்லைத் தம்பி. ஆறுதலாத்தான் குறையும். பிள்ளையளுக்கு இன்னும் எடுக்கேலாது."

"சரி மிஸ். அப்ப வாறன்."

ஒவ்வொரு முறையும் இதே கேள்வி, இதே பதில். ஒருமுறை நான் கௌரியைப் பற்றி விசாரித்தேன். பிறகு ஒரு பெடியன் பிறந்திருக்கிறான், சுகமாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார்.

"கேள்விப்பட்டதோ? பக்கத்திலைதானே இருக்கிறியள்?"

"நான் அங்கை போறேல்லை, மிஸ்."

"கோவமோ?"

"அவவுக்கு ஒரு கோவமும் இல்லை. அதுதான் எனக்கு ஏலாமல் கிடக்கு" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. குடும்ப விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த போத்தலை எடுத்தேன்.

போன வருடம் நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், பரிசு தந்தார்கள், பொறுப்பான உத்தியோகத்தர் என்று பேசினார்கள். வீட்டில் பூக்கன்றுகளோடு நிம்மதியாகத்தான் இருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன் உங்களில் ஒருத்தி என்னைப் பார்க்க வந்தபோது பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். நீர்வேலியிலிருந்து ஒருவர் போத்தலோடு வந்தார், நான் இல்லையா என்று கேட்டார், ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னதும் போத்தலைத் தராமலே எழும்பிப் போய்விட்டார் என்று. "தண்ணியைப் பரிசோதிக்க மிஸ்தான் வேணுமோ? என்ன மனுசன்!" என்று அவள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் தண்ணீருக்காக வரவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அத்தனை வருடம் அந்த வாங்கில் இருந்து என்னிடம் வேறு எதையோ எதிர்பார்த்திருக்கிறார். மூன்று கிழமை போக மனமில்லாமல் கிடந்தேன். வயதான காலத்தில் எதற்கு என்றும் யோசித்தேன். பிறகு, வயதான காலம் என்பதால்தான் போக வேண்டும் என்று வெளிக்கிட்டேன்.

காலை பத்து மணியிருக்கும். நகுலன் வாழைக்குலைகளுக்கு உறை கட்டிக்கொண்டு நின்றார். தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, கொட்டிலுக்குள் கூட்டிப்போய் ஒரு கதிரையைத் தட்டிப் போட்டார். நான் சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் சொல்லாமலே திரும்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"தம்பி, உம்முடைய தங்கச்சி அண்டைக்கு என்னட்டைக் கேட்டவ. தோட்டத்துக் கிணத்திலை பிள்ளைக்கு அள்ளலாமோ எண்டு கேட்டவ. நான் நிமிந்தும் பாக்காமல், ஓம், அள்ளுங்கோ எண்டு சொன்னனான். தெரிஞ்சிருக்க வேண்டியவள் நான். நல்லாக் கொதிக்க வையுங்கோ எண்டதும் நான்தான். இதை அண்டைக்கே உமக்குச் சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை."

அவர் கையில் இருந்த கயிற்றை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"தங்கச்சி சொன்னவ, மிஸ்" என்றார் கடைசியில்.

"என்ன சொன்னவ?"

"பிள்ளையைப் புதைச்சிட்டு வந்த அண்டைக்கே சொன்னவ. அண்ணை, உன்னிலை பிழையில்லை, நான் மிஸ்ஸிட்டைக் கேட்டுத்தான் எடுத்தனான், அவ ஓமெண்டவ எண்டு. அடுத்த நாள் நீங்கள் தோட்டத்துக்கு வந்தனீங்கள். எல்லாம் சொன்னீங்கள், இதை மட்டும் சொல்லேல்லை. நான் துண்டையும் வாங்கிப் பாத்தனான். அதிலையும் ஒண்டும் இல்லை. மிஸ் அப்பிடிச் சொல்லியிருந்தால் என்னட்டைச் சொல்லாமல் விடுவாவோ எண்டு நினைச்சன். என்னைத் தேத்திறதுக்குத் தங்கச்சி பொய் சொல்லுறா எண்டு நினைச்சன்."

அவர் கயிற்றைக் கீழே வைத்தார்.

"பிள்ளையைச் சாகக் குடுத்தவ, எனக்காகப் பொய்யும் சொல்லுறாவே எண்டு அவவின்ரை முகத்திலை முழிக்க ஏலாமல் போச்சு. இன்னொருக்கால் சொல்ல வந்தவ. பொய் சொல்லாதை எண்டு கத்திப்போட்டன். அதோடை அவவும் விட்டிட்டா. சிலவேளை உண்மையா இருக்குமோ எண்டு ஒரு நப்பாசை. அதுதான் உங்களட்டை வந்து வந்து இருந்தனான். பெரிய இடத்திலை இருக்கிறவையிட்டை நேரை கேக்கப் பயம்."

"கேட்டிருக்கலாமே தம்பி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஏச்சுக்குப் பேர்போன என்னிடம் யார் கேட்பார்கள்!

"அப்ப அவ பொய் சொல்லேல்லை" என்றார். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தான் சொன்னார். பிறகு திரும்பவும், "ஒன்பது வருசமா அவ பொய் சொல்லேல்லை" என்றார். அவருடைய வாய் கோணிற்று. அவ்வளவு பெரிய மனிதர் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுவதை நான் கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். போத்தலில் வந்த தண்ணீரை மட்டும் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். இந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா, அதற்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேளுங்கள், தலையை நிமிர்த்திக் கேளுங்கள். ஆனால் அதையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. பிழை எல்லோருக்கும் வரும், உங்களுக்கும் வரும். அது வந்த அன்றே போய்ச் சொல்லிவிடுங்கள். அந்தக் குழந்தையின் சாவில் என் பங்கு எவ்வளவு என்று டொக்டருக்கே தெரியாது. அதற்குப் பிறகு ஒரு தமையனும் தங்கையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் பேசாமல் போன ஒன்பது வருடம் முழுக்க முழுக்க என்னுடையது. அதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

நகுலன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தான்களைப் பிழையாகப் பூட்டிவிட்டுத் திரும்பக் கழற்றிப் பூட்டினார். சைக்கிளை எடுத்தார்.

"மிஸ், குறை நினையாதையுங்கோ. தேத்தண்ணி கூடத் தரேல்லை. நான் தங்கச்சி வீட்டை ஒருக்காப் போட்டு வாறன்" என்றார்.

கொஞ்சத் தூரம் போனவர் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். நானும் கூட வருகிறேனா என்று கேட்கிறாராக்கும் என்று எழும்பினேன்.

"நீங்கள் இப்ப வரவேண்டாம், மிஸ்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் திரும்பவும் கதிரையில் இருந்தேன்.